பீடத்துக்குள் இருப்பது

என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்பார். மகளும் அதையேதான் சொல்வாள், கொஞ்சம் நாகரிகமாக. பாகூர் சந்தையில் காய் விற்கிற அம்மாவுக்கு என்னைக் கண்டாலே முகம் சுருங்கும். தராசு முள் நின்ற பிறகும் தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிற ஒரே ஆள் நான்தானாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் வேறு எப்படி இருப்பாள்? சாக்கில் எழுதியிருக்கிற எடை ஒன்று, உள்ளே இருக்கிற அரிசி ஒன்று. எடை போடக் கூட்டி வருகிற குழந்தையின் சட்டைப் பையில் கூழாங்கல் இருக்கும். எடை குறைந்தால் நான் திட்டுவேன் என்று அம்மாக்காரியே போட்டு அனுப்பியிருப்பாள். பையைத் தடவிப் பார்க்காமல் நான் எந்தக் குழந்தையையும் ஏற்றியதில்லை. அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்தது, பிறகு என் கூடப் பிறந்த அண்ணன் வரைக்கும் போனது.

எங்கள் ஊர் புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது. ஊர் நடுவில் அம்மன் கோயில். நடுவில் என்பது பேச்சுக்குத்தான். செல்போனில் வரைபடம் போட்டுப் பார்த்தால் கோயில் தென்கோடியில், கரும்பு வயலை ஒட்டி, ஊருக்குள்ளா வெளியிலா என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. ஆனாலும் யாரைக் கேட்டாலும் நடு என்றால் அதுதான். யார் வீடு எங்கே என்று வழி சொல்வது அதை வைத்துத்தான். யாருக்கு முதலில் திருநீறு, யார் வீட்டு வாசலில் சாமி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதை வைத்துத்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே பழைய சுதைச் சிலையை எடுத்துவிட்டுக் கருங்கல் சிலை வைத்தோம். கற்சிலையின் அடியில் ஒரு முளை இருக்கும், பீடத்தில் அதற்கேற்ற குழி இருக்கும். முளையைக் குழியில் இறக்கி, சுற்றி அஷ்டபந்தன மருந்து சாத்தி அடைத்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது. இறக்குவதற்கு முன் குழிக்குள் செப்புத் தகடு வைப்பார்கள், அதன்மேல் ஊரார் பொன் போடுவார்கள். இது பல ஊர்களிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் கூடுதல். குழிக்கு மேலே புது மஞ்சள் துணியை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு ஒருவர் வரிசையில் வந்து, மூடிய கையைத் துணிக்கு அடியில் விட்டு, உள்ளே திறந்து, மறுபடி மூடிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். மூடிய கையோடு போய் மூடிய கையோடு வர வேண்டும். இருக்கிறவர் மோதிரம் போட்டாலும் இல்லாதவர் நாலு அரிசி போட்டாலும் பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரித் தெரியட்டும் என்று, என்றைக்கோ ஒரு நல்ல மனசுக்காரர் ஏற்படுத்தியிருக்க வேண்டும். அந்த வருடம் கரும்பு நன்றாக விளைந்திருந்தது. எல்லாரும் பொன்தான் போடப்போகிறோம் என்று ஊர் பேசிக்கொண்டது. போட்டுவிட்டு வந்த பிறகும் அப்படித்தான் சொல்லிக்கொண்டது.

விழுகிற பொருள் குழியின் நடுவில் குவிந்தால் முளை உட்காராது. அதனால் ஒரு ஆள் பீடத்தின் பக்கத்தில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையைத் துணிக்கு அடியில் வைத்து, விழுவதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு என் அண்ணனைப் போட்டார்கள். அவர் கொத்தனார். பீடத்தைக் கட்டியவரும் அவர்தான், சிலை இறங்கியதும் குழியை அடைக்கப்போகிறவரும் அவர்தான். வேறு யாரைப் போடுவார்கள்?

என் முறை வந்தது. கையில் என் கல்யாணத் தோட்டில் ஒன்று. துணிக்கு அடியில் கையை விட்டேன். உள்ளே வெக்கையாக இருந்தது, கீழே அண்ணன் விரல்கள் தட்டுப்பட்டன. திறக்கப்போன நேரத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. எனக்கு முன்னால் போன கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி என்ன போட்டிருப்பார்? கறிவேப்பிலைக் கொத்துக்குப் பேரம் பேசுகிறவர் தங்கமா போட்டிருப்பார்? போட்டதெல்லாம் உள்ளேயே இருக்கும் என்று யார் கண்டது? இவ்வளவும் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில். நான் கையைத் திறக்கவில்லை. மூடிய கையோடு போனேன், மூடிய கையோடு வந்தேன், தோடும் என்னோடு வந்தது. அன்று மதியம் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டேன்.

பேச்சு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகத் தெரியவில்லை. அண்ணன் பழைய பைக் ஒன்று வாங்கினார். பால் சொசைட்டி வாசலில் யாரோ ஒருவர், "கடைசியா குழிக்குள்ள கை வுட்டது கொத்தனாருதானே" என்று சொல்லியிருக்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. யாரும் அண்ணனை நேராகக் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

ஊரில் புது வீட்டுக்குக் கடைக்கால் போட அவரைக் கூப்பிடுவது நின்றது. வாசக்கால் நிறுத்த வெளியூர்க் கொத்தனார் வந்தார். காரணம் கேட்டால், "அவரு பிஸியா இருப்பாருன்னு நெனச்சோம்" என்பார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பிறகு வில்லியனூர், கடலூர் என்று தினமும் பஸ் ஏறிப் போய்க் கட்டினார். எங்கெங்கோ யார் யாருக்கோ வீடு கட்டிய மனிதருக்கு, சொந்த ஊரில் கழிவறைக்குப் பள்ளம் தோண்டும் வேலைகூட வரவில்லை. கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். திருவிழாவில் சாமி அவர் வாசலுக்கு வரும்போது அண்ணி மட்டும் தேங்காய்த் தட்டோடு நிற்பார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டும். நானும் சந்தேகப்பட்டேன். குழிக்குள் ஒன்றும் போடாதவளுக்குக் குழியிலிருந்து என்ன போயிற்று என்று கவலை ஏன்? ஆனால் வந்தது. பைக் வாங்க ஏது பணம் என்று யோசித்தேன். அவர் வீட்டுக்குப் போகும்போது அண்ணியின் கழுத்தையும் காதையும் பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. இல்லாததையும் நான் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். விவரமானவர், வெளியே காட்டமாட்டார் என்று. ஒருவேளை அவர் எடுத்திருந்தால் நான் போடாதது சரி என்று ஆகிவிடும் அல்லவா. அந்த நிம்மதி எனக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு யோசித்தால் அதுதான் விஷயம்.

இப்படியே வருடங்கள் போயின. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, கோயில் இறங்கியது. முதலில் இரண்டு படி ஏறிப் போன கோயிலுக்குக் கடைசியில் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியதாயிற்று. போன ஐப்பசி மழையில் கருவறைக்குள் முழங்கால் தண்ணீர். பூசாரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டால் இறைத்தார். அம்மன் காலடியில் தவளை உட்கார்ந்திருந்ததை யாரோ வீடியோ எடுத்து அனுப்ப, ஊருக்கே அவமானமாகப் போயிற்று. கோயிலை உயர்த்துவது என்று முடிவானது. பார்க்க வந்த என்ஜினியர் இரண்டு வழி சொன்னார். சிலையை எடுத்துவிட்டு இடித்துக் கட்டலாம். இல்லாவிட்டால், வீடுகளைத் தூக்குவதுபோல ஜாக்கி வைத்துக் கருவறையைச் சிலையோடும் பீடத்தோடும் அப்படியே தூக்கலாம். இரண்டாவதற்குச் செலவு அதிகம்.

அதைப் பேசக் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு அண்ணன் வந்தார். பல வருடத்துக்குப் பிறகு வருகிறார் என்பதால் பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஓரமாக நின்றவர், கமிட்டித் தலைவர் பேசி முடித்ததும் கேட்டார்.

"இடிச்சிக் கட்டுறதுன்னா செலய எடுக்கணும். எடுக்கிற அன்னிக்கு வூட்டுக்கு ஒருத்தரு வந்து நில்லுங்க. வெள்ள வேட்டி ஒண்ண விரிச்சி, குழியில இருக்கிறத அதுல கொட்டுவோம். எல்லாரும் பாக்கட்டும். நான் கேக்குறது அவ்ளோதான்."

பூசாரி தொண்டையைச் செருமினார். "அது கண்ணுல படக்கூடாதுபா. ஆகமத்துல எடமில்ல."

பூசாரி ஆகமம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அம்மன எடத்த வுட்டு அசைக்கிறது நல்லதில்ல" என்றார் ஒருவர். "செலவு கூடத்தான் ஆவும், ஆவட்டும், தூக்கிடலாம்" என்றார் கமிட்டித் தலைவர். அவர் மனைவி தலையாட்டினார். எதிர்வீட்டு அண்ணாச்சி தலையாட்டினார். கூட்டத்துக்கு டீ வாங்குவதா காபி வாங்குவதா என்று அரைமணி நேரம் பேசுகிற ஊர், செலவு கூடுகிற விஷயத்துக்குப் பத்து நிமிடத்தில் ஒத்துப்போயிற்று. என் சந்தேகம் முதல் தடவையாக அண்ணனை விட்டு இறங்கி ஊர்மேல் ஏறியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உன் கையும் காலியா? உன்னுதும்தானா? நாலு பேரை எடைபோட்டு ஐந்தாவது முகத்துக்குப் போவதற்குள் தலைவர், "தூக்கிடலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார்.

என் கை மேலே போனது.

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். என் கையையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் படி ஏறிப் போய்விட்டார். அவருக்காகத்தான் கையைத் தூக்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்து பார்த்து உள்ளே குறைவாக இருந்தால் பழி அவர் தலையிலேயே நிரந்தரமாக உட்காரும். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

"உனக்காவத்தான்ணா கை தூக்குனேன். தொறந்து பாத்து கொறஞ்சி இருந்துதுன்னா?"

"கொறஞ்சிதான் இருக்கும்" என்றார்.

"எப்டி சொல்ற?"

"என் கையி உள்ளதானமா இருந்துது. எந்தக் கையிலேர்ந்து வுழுந்துது, எதுலேர்ந்து வுழல, எனக்குத் தெரியாதா? பாதிக் கையி சும்மா வந்து சும்மா போச்சி." சல்லடையைத் தட்டிக் கல்லை ஓரமாகக் கொட்டினார். "அதுல ஒண்ணு உன்து."

"நீ செவத்தப் பாத்து இல்ல உக்காந்துருந்த" என்றேன். முதலில் அதுதான் கேட்கத் தோன்றியது, பாருங்கள்.

"உன் சுண்டு வெரலு மடங்காது. சின்னதுல கரும்பு வண்டியில மாட்டிக்கினப்ப நான்தான துணி சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். மூடுன கையில அது ஒண்ணு மட்டும் நீட்டினு இருந்துது. பட்டதும் தெரிஞ்சிட்டுது."

"அப்பவே ஏன்ணா சொல்லல? பாதிப் பேரு போடலன்னு சொல்லிருந்தா உன்மேல இந்தப் பேரு வந்துருக்காதே."

"யாரு இன்னா குடுத்தாங்கன்னு தெரியக்கூடாதுன்னுதான் துணி புடிக்கிறது. அந்தத் துணிக்கு அடியில என்ன உக்கார வச்சாங்க. நான் போயி சொல்லலாமா?"

"அப்ப நேத்து ஏன் கொட்டிக் காட்டச் சொன்ன?"

அண்ணன் இன்னொரு மண்வெட்டி மணலை அள்ளிச் சல்லடையில் போட்டார். "கொட்டச் சொன்னா, போடாதவங்க ஒருத்தராவது எழுந்து நான் போடலன்னு சொல்லுவாங்களான்னு பாத்தேன். நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றார்.

அந்த நேரத்திலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. "மத்தவங்க யாருணா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். வூட்டுக்குப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்து நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பீடத்துக்குள் இருக்கிற பொன் என்று எல்லாரும் நம்புகிறோம். அங்கே பொன் அவ்வளவாக இல்லை. நடுவில் இருப்பது கல் முளை, அதைச் சுற்றிக் கொஞ்சம் பொன், கொஞ்சம் அரிசி, நிறைய இல்லாமை. அந்த இல்லாமையைப் பற்றி ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். நான் போடவில்லை என்று எனக்குத் தெரியும், தான் போடவில்லை என்று இன்னொருவருக்குத் தெரியும். எல்லாத் துண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊர் ஊராக நிற்குமோ என்னவோ. அதனால் ஒருவர் மேல் திருட்டைப் போட்டுவிட்டோம். இல்லாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, கும்பிடுவதற்கும் இடைஞ்சல் இல்லை. கூட்டுச்சதி எதுவும் நடக்கவில்லை. கூடிப் பேசியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இந்த யோசனையெல்லாம் எனக்குப் பெரிய அறிவாளி என்ற நினைப்பைத் தந்தது. ஆனால் அண்ணனுக்கு அதனால் ஒரு செங்கல் வேலைகூட வரப்போவதில்லை என்பதும் உறைத்தது. சொல்ல வேண்டும். வேறு வழியில்லை.

கோயிலைத் தூக்குகிற நாளில் ஊரே நின்றது. வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் கருவறையின் அடிவாரத்தைச் சுற்றித் தோண்டி இரும்புச் சட்டங்களும் ஜாக்கிகளும் வைத்திருந்தார்கள். விசில் அடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருப்ப வேண்டுமாம். பூசாரி கற்பூரம் காட்டி முடித்தார். விசில்காரர் வாயில் விசிலை வைக்கப்போனபோது நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு நிமிசம் இருங்க. செல வச்ச அன்னிக்கு நான் குழிக்குள்ள ஒண்ணும் போடல. காதுத் தோட்டக் கொண்டுபோனேன், அப்டியே திருப்பி எடுத்துனு வந்துட்டேன். எங்க அண்ணன் எதையும் எடுக்கல. என்ன மாதிரி இன்னும் பல பேரு போடல. அதான் நடந்துது."

நான் எதிர்பார்த்தது என்ன? இன்னொருவர் வாயைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் போதும் எனக்கு. கொஞ்ச நேரம் கரும்பு லாரி ஒன்று ரோட்டில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கமிட்டித் தலைவரின் மனைவி வந்து என் தோளைத் தொட்டார். குரலில் அவ்வளவு கனிவு.

"அண்ணன்மேல பாசம் இருக்க வேண்டியதுதாம்மா. அதுக்குன்னு சாமி முன்னால பொய் சொல்லலாமா?"

"பொய் இல்ல. தோடு வூட்லதான் கீது, வந்து பாருங்க."

"தோடு எங்க வேணாலும் செஞ்சிக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இத்தினி வருசம் இல்லாம இன்னிக்கு வந்து சொல்லுதே, அத யோசிங்க" என்றது இன்னொரு குரல்.

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற என் கையைப்போலவே என்மேல் நூறு கைகள் தடவுவது மாதிரி இருந்தது. சிலர் என்னைப் பாவமாகக்கூடப் பார்த்தார்கள். அண்ணனுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்ட தங்கச்சி என்று. பூசாரி "நேரம் போவுது" என்றார். விசில் அடித்தது. பத்து இருபது ஆட்கள் குனிந்து கால் சுற்று திருப்பினார்கள். கருவறை ஒரு விரல் அளவு எழும்பியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கோயில் பக்கம் வரவேயில்லை. வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சேதி முன்னாலேயே வந்திருந்தது.

"எல்லாரும் இருக்கும்போதா சொன்ன?" என்று கேட்டார்.

"எல்லாரும்தான்ணா இருந்தாங்க. ஒருத்தரும் நம்பல. உனக்காவ பொய் சொல்றேன்றாங்க."

அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.

"கூடப் பொறந்தவ, நீயே பன்னெண்டு வருசம் என்ன நம்பல. அவுங்க உன்ன எப்டிமா நம்புவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. அவர் என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். உள்ளே பார்த்து அண்ணியிடம் எனக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார். நான் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அழுதேன்.